பழைய உறுப்பு, புதிய வேலை

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, தும்பாக் கடற்கரையில் புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இருக்கிறது. மீனவக் குடும்பங்கள் மண்டியிட்ட அதே கூரையின் கீழ்தான் 1963-இல் ராக்கெட் பாகங்களைப் பொருத்தினார்கள். இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். ஒரு வேலைக்கென அமைந்த உறுப்பு வேறு வேலைக்குக் கைகொடுப்பது உயிரியலில் நன்கு தெரிந்ததே. பறவையின் இறகு பறப்பதற்கென்று தோன்றியதல்ல. பறக்காத டைனோசர்களுக்கும் இறகு இருந்தது. ஸ்டீவன் ஜே கூல்டும் எலிசபெத் வ்ர்பாவும் 1982-இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள்.

உயிர்களை மட்டுமல்ல, நிறுவனங்களையும் பரிணாமக் கண்ணால் பார்க்கும் துறை உண்டு. அதில் வலுவான குரல்கள் இரண்டு. மைக்கேல் ஹன்னனும் ஜான் ஃப்ரீமனும் 1977-இல் எழுதிய கட்டுரைப்படி, நிறுவனங்கள் எளிதில் மாறுவதில்லை. மாறாதவை மடிய, அவற்றின் இடத்துக்கு வேறு வகை வருகிறது. ரிச்சர்ட் நெல்சனும் சிட்னி வின்டரும் 1982-இல் வேறு வழி காட்டினார்கள்: வேலை நடக்கும் வழக்கமான முறைகளே ஒரு நிறுவனத்தின் மரபணுக்கள்.

தும்பாவில் வளர்ந்து, 1972-இல் விக்ரம் சாராபாயின் பெயரைப் பெற்ற விண்வெளி மையத்துக்கு முதல் கருத்து பொருந்தாது. நெடுங்காலம் நாட்டுக்குள் அதற்குப் போட்டி நிறுவனமே இருக்கவில்லை. ஆனால் மரபுத் தொடர்ச்சி கண்கூடு. எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் கட்ட மோட்டார்தான் ஏஎஸ்எல்வியின் பக்க மோட்டார்களுக்கும், பிறகு பிஎஸ்எல்வியின் ஆறு பக்க மோட்டார்களுக்கும் மூலம். பிஎஸ்எல்வியின் திட எரிபொருள் முதல் கட்டம் ஜிஎஸ்எல்வியின் நடுத்தண்டாயிற்று. அதைச் சுற்றி நிற்கும் நான்கு துணைக் கட்டங்களில் எரிவது விகாஸ் எஞ்சின். அது பிரான்சின் வைக்கிங் எஞ்சின் வழி வந்தது.  பாக்டீரியா தன் மூதாதை அல்லாத இன்னொன்றிடமிருந்து மரபணு பெறுவதுபோலத்தான் இதுவும்.

உவமை முறியும் இடம் தோல்வி. செத்த உயிரி தான் ஏன் செத்தது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லாது. 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்எல்வி-3 கடலில் விழுந்தபோது, காரணம் இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் என்று ஆய்வு கண்டது. 1980 ஜூலை 18-இல் அடுத்த கலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. ஏஎஸ்எல்வி 1987-இலும் 1988-இலும் தோற்றது. 1993-இல் பிஎஸ்எல்வியின் முதல் பயணமும் தோற்றது. ஒவ்வொரு முறையும் கலம் அழிந்தது. பறக்கும்போது அது அனுப்பிய தரவு அழியவில்லை. வாழ்நாளில் பெற்றது வாரிசுக்குப் போகும் என்ற லாமார்க்கின் கருத்து உயிர்களிடம் தோற்றாலும், ராக்கெட் மையத்தில் மெய்யாகிறது. நிறுவனங்களைப் பற்றிய இந்தத் துறையில் டார்வினுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது லாமார்க்குக்கும் கிடைக்க வேண்டும் என்பேன்.

எனக்கு உறுத்துவது பரிணாமத்தில் வரும் ‘தேர்வு’ என்ற சொல். பூமியின் காந்த நடுக்கோடு அருகே ஓடுவதால் தும்பா விஞ்ஞானிகளுக்குத் தேவைப்பட்டது. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ராவிடம் நிலம் கேட்டார். ஆயர் தம் மக்களிடம் கேட்டார். அவர்கள் தேவாலயத்தையும் வீடுகளையும் விட்டு நகர்ந்தார்கள். எந்தச் சூழலும் அவர்களைக் கழித்துவிடவில்லை, கேட்டதற்குக் கொடுத்தார்கள். பரிணாமத்தின் சொற்களஞ்சியத்தில் இதற்குச் சொல் இல்லை. 1963 நவம்பர் 21 மாலை நைக்-அப்பாச்சி ராக்கெட் அந்தக் கரையிலிருந்து எழுந்தது. ஊராருக்கு வேறிடத்தில் புதிய தேவாலயம் கட்டப்பட்டது.