மருத்துவக் கஞ்சா: கூற்றுகளும் சான்றுகளும்

மருத்துவக் கஞ்சா என்பது கஞ்சாச் செடியை அல்லது அதிலிருந்து பெறப்படும் வேதிப்பொருள்களை நோய்க்கு மருந்தாகப் பயன்படுத்துவதைக் குறிக்கும். வலி, வலிப்பு, தூக்கமின்மை, மனப்பதற்றம், புற்றுநோய் எனப் பலவற்றுக்கும் இது மருந்து என்று கூறப்படுகிறது. இவற்றுள் சில கூற்றுகளுக்கு உறுதியான சான்று உண்டு. பலவற்றுக்கு இல்லை. வெவ்வேறு பொருள்களையும் வெவ்வேறு நோய்களையும் 'கஞ்சா' என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவதே குழப்பத்துக்கு முதற்காரணம்.

செடியும் வேதிப்பொருளும்

கஞ்சாவில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உள்ளன. அவற்றுள் போதை தருவது டி.எச்.சி. இசுரேலைச் சேர்ந்த ரபேல் மெச்சூலமும் எகியேல் கவோனியும் 1964இல் இதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். மற்றொன்றான சி.பி.டி. போதை தருவதில்லை. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கு உரியதாகக் கொள்ள முடியாது.

உறுதியான சான்று உள்ளவை

டிராவே நோய்க்குறி என்பது குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய். இந்நோயுள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. வழக்கமான மருந்துகளுடன் சி.பி.டி.யும் பெற்றவர்களுக்கு மாதந்தோறும் வந்த வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது. மருந்துப்போலி பெற்றவர்களுக்கு 14.9இலிருந்து 14.1ஆக மட்டுமே குறைந்தது. இதன் பின்னர், 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எபிடியோலெக்ஸ் என்ற சி.பி.டி. மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. இது தூய்மைப்படுத்தப்பட்டு, உடல் எடைக்கேற்ப அளந்து கொடுக்கப்படும் மருந்து. வால்ப்ரோயேட் மருந்துடன் சேரும்போது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை.

புற்றுநோய்க்கான கீமோதெரபியால் வரும் வாந்திக்கு டிரோனாபினால், நாபிலோன் ஆகியவை 1985இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

கருத்து வேறுபாடு: நாள்பட்ட வலி

நாள்பட்ட வலியைக் குறைக்கக் கணிசமான சான்று உண்டு என்று அமெரிக்கத் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2017இல் கூறின. ஆனால் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2021இல் பொதுவான பயன்பாட்டை ஆதரிக்க மறுத்தது. ஆய்வுகள் பலவும் சிறியவை, குறுகிய காலத்தவை. மேலும், டி.எச்.சி. உட்கொண்டவர் போதையை உணர்ந்து, தாம் பெற்றது மருந்துப்போலி அன்று என எளிதில் ஊகித்துவிடுவார். அந்த எதிர்பார்ப்பே வலி குறைந்ததுபோல் தோன்றச் செய்யலாம்.

மிகைக் கூற்றுகள்

குளுக்கோமாவில் உயரும் கண் அழுத்தத்தைக் கஞ்சா குறைக்கும் என்பது 1971 முதல் அறியப்பட்ட உண்மை. ஆனால் அதன் விளைவு மூன்று அல்லது நான்கு மணி நேரமே நீடிக்கும். பார்வையைக் காக்க ஒருவர் நாள் முழுவதும் போதையிலேயே இருக்க வேண்டிவரும். நாளுக்கு ஒருமுறை இடும் சொட்டு மருந்துகளே இதற்குப் போதும். கூற்று உண்மையாக இருந்தும் சிகிச்சையாக அது பயன்படவில்லை.

ஆய்வகத் தட்டில் புற்றுநோய் உயிரணுக்கள் அழிவதைக் காட்டி, கஞ்சா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பது மிகவும் ஆபத்தான கூற்று. ஆய்வகத்தில் அவ்வாறு அழிக்கும் பொருள்கள் ஏராளம். மனிதரிடம் இது நிறுவப்படவில்லை. இதை நம்பி உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர் குணமாகும் வாய்ப்பையே இழக்கலாம்.

மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த அமெரிக்க மாநிலங்களில் ஓபியாய்டு மிகைநுகர்வு இறப்பு விகிதம் 24.8 விழுக்காடு குறைவு என்று 2014இல் ஓர் ஆய்வு கூறியது. அதன் தரவுகள் 2010 வரையிலானவை. அதே முறையில் 2017 வரை நீட்டித்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் 22.7 விழுக்காடு அதிகம் என்று விடை மாறியது. கஞ்சா முன்பு காத்தது, பின்பு கொன்றது என்பது இதன் பொருளன்று. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து நடப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது என்பதே இதன் பாடம்.

விற்பனைப் பொருள்கள்

ஆய்வில் வென்ற மருந்தும் சந்தையில் விற்கும் எண்ணெயும் ஒன்றல்ல. அமெரிக்காவில் இணையவழி வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்தபோது 26இல் மட்டுமே சி.பி.டி. அளவு சிட்டையில் கண்டபடி இருந்தது. சிலவற்றில் டி.எச்.சி.யும் காணப்பட்டது. டி.எச்.சி. மிகுந்த பொருள்களைத் தொடர்ந்து பயன்படுத்துவது, குறிப்பாக இளவயதில், மனச்சிதைவு போன்ற உளநோய்களின் அபாயத்தோடு தொடர்புடையது.

மதிப்பீடு

மறுப்பவர்களிடமும் பிழை உண்டு. 1970ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் கஞ்சாவை மருத்துவப் பயனற்ற பொருள்களின் பட்டியலில் வைத்ததால் ஆய்வுகள் பல ஆண்டுகள் தடைபட்டன. சான்று இல்லாமை சில இடங்களில் ஆய்வு இல்லாமையே. ஆயினும் அந்த வெற்றிடத்தை விளம்பரம் நிரப்ப இடமில்லை. எந்த வேதிப்பொருள், எந்த நோய்க்கு, எந்த அளவில், எதனோடு ஒப்பிடப்பட்டது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையில்லாத கூற்றை மருத்துவச் சான்றாகக் கொள்ள இயலாது.