சைகைமொழி அகராதியும் தலைச்சொல் சிக்கலும்

செவிப்புலன் குறைவு பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் செவியையே ஆராய்ந்தன. கேளாதோர் தமக்குள் கருத்துப் பரிமாறும் மொழியை ஆராயவில்லை. 1960இல் வில்லியம் ஸ்டோக்கோ அமெரிக்கச் சைகைமொழியின் அமைப்பை விளக்கிய பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. கையுரு, இடம், அசைவு ஆகியன ஒலியன்களைப் போலப் பொருளை வேறுபடுத்தும் கூறுகள் என அவர் நிறுவினார். 1965இல் காஸ்ட்டர்லைன், குரோன்பெர்க் ஆகியோருடன் அவர் வெளியிட்ட அகராதி, சைகைகளை ஆங்கில அகரவரிசையில் வைக்காமல் இக்கூறுகளின் வழியே வரிசைப்படுத்தியது. சைகையே அங்குத் தலைச்சொல்.

இந்தியாவில் 1970களின் இறுதியில் வசிஷ்டா, உட்வர்ட் முதலியோர் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டு அவற்றின் உறவைக் காட்டினர். 2015இல் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் தோன்றியது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களுடன் வெளிவந்து, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. வட்டாரச் சைகைகளும் அதில் இடம்பெறுகின்றன. சட்டம், மருத்துவம், வேளாண்மை எனத் துறைதோறும் சைகைகளைத் திரட்டியது பெரும்பணியே. ஆயினும் அதனுள் நுழைய ஆங்கிலம் போன்ற ஒரு பேச்சுமொழியின் சொல் வேண்டும். அதனை அடிப்படையாகக் கொண்டு 2022இல் வந்த செயலியும் அவ்வாறே. தேடும் மொழிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் மட்டும் திசை மாறிவிடாது.

இது வெறும் வரிசைமுறைச் சிக்கல் அன்று. உல்ரிக்கே செஷான் விளக்கியுள்ளபடி இம்மொழியில் பொதுவான வினாச்சைகை ஒன்று உண்டு. 'முகம்' என்பதனோடு அது சேர்ந்தால் 'யார்'. 'இடம்' என்பதனோடு சேர்ந்தால் 'எங்கு'. எகர வினாவெழுத்தை அறிந்த தமிழ் இலக்கண மாணவருக்கு இது வியப்பளிக்காது. தமிழில் வினா முன்னர் நிற்கிறது, சைகையில் பின்னர் நிற்கிறது, அவ்வளவே. ஆனால் 'யார்', 'எங்கு' என்னும் ஆங்கிலச் சொற்களின்கீழ்த் தனித்தனியே பதிவாகும்போது இந்த ஆக்கமுறை கண்ணுக்கு மறைகிறது. ஆங்கிலத்திற்கு ஒன்றுக்கொன்றாய் அமைந்த குறியீடு போல மொழி தோன்றுகிறது. ஆம்-இல்லை வினாவின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. 'நீ சென்றாய்', 'நீ சென்றாயா' ஆகியவற்றைப் பிரிப்பன கைகள் அல்ல. உயர்ந்த புருவமும் விரிந்த கண்களும் முன்சாயும் தலையுமே. சொற்பட்டியலில் இவற்றுக்கு இடம் ஏது?

வாய்மொழியாகக் கூற இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் துணையுடன் பதிந்து காணொளியும் எடுக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்த விதி. 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. பின்னர் அக்காணொளியைச் சரிபார்க்கும் ஒருவர் தாம் அறியாத ஒரு சைகையைக் காண்கிறார் எனக் கொள்வோம். கையுரு தெரிகிறது, இடம் தெரிகிறது, அசைவு தெரிகிறது. ஆங்கிலச் சொல் மட்டும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவருக்கு அகராதியே தேவைப்பட்டிருக்காது.