கணக்குப் பார்க்கும் கொடுங்கோலன்

நம் சினிமாவில் சர்வாதிகாரி என்றால் உருட்டிய விழியும் இடிச் சிரிப்பும் வேண்டும். 1951-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்தின் பெயரே 'சர்வாதிகாரி'. நாட்டைக் கைக்குள் கொண்டுவரத் துடிக்கும் மகாவர்மனாக எம்.என். நம்பியார், எதிரே எம்.ஜி.ஆர். பார்த்த மாத்திரத்தில் கெட்டவன் யாரென்று தெரிந்துவிடும். ஜனம் ஏசித் தீர்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பும்.

2006-ல் வடிவேலு அந்தக் கிரீடத்தையே கேலிப்பொருளாக்கினார். திடகாத்திரமான உடம்பில் தன் முகத்தை வரையச் சொல்லிப் பூரித்துப்போகிற 23-ம் புலிகேசி, 1940-ல் உலக உருண்டையைப் பலூனாகத் தட்டி ஆடிய சாப்ளினின் சர்வாதிகாரிக்குத் தூரத்துச் சொந்தம். சிரித்தால் பயம் தெளியும். அது பெரிய உபகாரம்தான்.

ஆனால் பயத்தின் வேரைக் காட்டியவர் நம் தேனி மாவட்டத்து இயக்குநர் பாலா. பெரியகுளம் வட்டாரத்திலும் படமாக்கப்பட்ட அவருடைய 'நான் கடவுள்' (2009) தாண்டவனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு நாடுமில்லை, படையுமில்லை. கோயிலடியில் ஓர் இருட்டறை, அதில் அடைபட்ட பிச்சைக்காரர்கள், அவ்வளவுதான் அவன் ராஜ்யம். சண்டைக் கலைஞராக இருந்த ராஜேந்திரன் அந்தக் கரகரத்த குரலில் மனிதர்களை விலை பேசும்போது, சந்தையில் மாட்டுக்கு விலை சொல்கிற சாதாரணம்தான் தெரிகிறது. கொடுமை செய்கிறோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. அதுதான் அந்த நடிப்பின் பலம்.

பாலாவின் 'பரதேசி'யில் (2013) வரும் கங்காணியும் அதே வார்ப்புதான். ஊருக்குள் நுழையும்போது பேச்செல்லாம் தேன். தேயிலைத் தோட்டத்தில் கூலி நாள் வந்ததும் அதற்குப் பிடித்தம், இதற்குப் பிடித்தம் என்று கழித்துக்கொண்டே போகிறான். உழைத்தவன் கையில் மிஞ்சுவது கடன்தான். தப்பி ஓடுகிற ராசாவின் கால் நரம்பை அறுக்கும் காட்சியைவிட, அந்தக் கணக்குக் காட்சிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

கபடியில் தொடை தட்டிக்கொண்டு வருகிறவனைக் கண்டு யாரும் ஏமாறுவதில்லை. மூலையில் சத்தம் காட்டாமல் நின்று கணுக்காலைப் பிடிக்கிறவனிடம்தான் ஆட்டம் போகும். நம்பியார் முதல் ரகம். தாண்டவனும் கங்காணியும் இரண்டாவது ரகம்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் இன்றும் இங்கே உண்டு. கங்காணி என்பது நமக்குப் பாடப்புத்தகச் சொல் இல்லை, வீட்டுப் பேச்சு. பாட்டன் பூட்டன் காலத்துக் கதைகளில் துரையைவிட அதிகம் வருகிறவனும் கங்காணிதான். எங்கோ இருக்கும் ஹிட்லரை வெறுப்பது சுலபம். தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்குகிறவனிடம் இருக்கும் சர்வாதிகாரத்தைக் கண்டுகொள்ளத்தான் நல்ல நடிகன் தேவைப்படுகிறான்.

என் தீர்ப்பு இதுதான்: தமிழ்த் திரையின் மிகச் சிறந்த சர்வாதிகாரி கிரீடம் வைத்தவன் அல்ல, ராஜேந்திரனின் தாண்டவன்தான். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கொடுங்கோலனுக்கு அரண்மனை செட் போடாதீர்கள். அவன் கையில் ஒரு கணக்கு நோட்டைக் கொடுங்கள், போதும்.