கப்பியும் மோட்டரும்

கரவெட்டிப் பக்கத்து மாணவர் சிலர் எடுத்த ஏழு நிமிடக் குறும்படம் ஒன்று. கதை பங்குக் கிணறு பற்றியது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் சேர்த்தே எழுதப்படும். காணியைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்க முடியாது. படத்தில் வரும் அண்ணனுக்கும் தம்பிக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. அண்ணன் இன்னும் கப்பியில் வாளி விட்டு அள்ளுகிறார். தம்பி மோட்டர் பூட்டியிருக்கிறார். வசனம் மொத்தத்தில் ஒரே ஒரு வரி. மற்ற எல்லாவற்றையும் கப்பியின் கிறீச்சும் மோட்டரின் இரைச்சலும் சொல்லிவிடுகின்றன.

பார்த்தவர்கள் பலரும் கமராவைத்தான் பாராட்டினார்கள். பனங்கூடலின் மேல் விடியும் காட்சி வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னை இருத்தி வைத்தது தொகுப்பும் ஒலியும்.

ஒரு இடத்தைச் சொல்கிறேன். அண்ணன் விறாந்தையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கிறார். திரையில் அவருடைய விரல்கள் மட்டும். வேலிக்கு அப்பால் மோட்டர் ஓடத் தொடங்குகிறது. விரல்கள் நிற்கின்றன. கொஞ்ச நேரம் அப்படியே நின்ற பிறகுதான் காட்சி கிணற்றடிக்கு மாறுகிறது. மோட்டரையும் குழாயால் பாயும் தண்ணீரையும் அப்போதுதான் காண்கிறோம். ஒலி முந்தி வந்து படம் பிந்தி வரும் இந்த வெட்டை எடிற்றிங் செய்பவர்கள் ‘ஜே கட்’ என்பார்கள். இரண்டும் ஒரே கணத்தில் மாறியிருந்தால் அங்கே மோட்டர் ஓடுகிறது என்ற செய்தி மட்டும் வந்து சேர்ந்திருக்கும். சத்தம் முந்தியதால் நாம் அண்ணனின் காதோடு சேர்ந்துவிடுகிறோம். அவருக்கு அந்தச் சத்தம் எத்தனை வருடமாக உறுத்துகிறது என்பது அந்த நின்றுபோன விரல்களில் தெரிகிறது.

தொகுத்த பிள்ளையிடம் அந்த இடத்தைக் கணினியில் போட்டுக் காட்டச் சொன்னேன். “முதல்லை சத்தத்தையும் படத்தையும் ஒண்டாத்தான் வெட்டினனான் அண்ணை. கண்ணை மூடிக் கேட்டுப் பாத்தன். பிறகுதான் சத்தத்தை முன்னுக்கு இழுத்தனான்” என்றார். கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தது என்ற அந்த ஒரு வேலைக்காகவே அவரைக் கொண்டாடலாம்.

மோட்டர்ச் சத்தத்தை அவர்கள் படப்பிடிப்பின்போது பதியவில்லை. பிறகு தனியாகப் பதிந்தார்கள். அதுவும் மோட்டருக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து அல்ல, விறாந்தையில் அண்ணன் இருந்த அதே இடத்தில் வைத்து. கிட்டப் பதிந்துவிட்டு ஒலியைக் குறைத்தால் போதும் என்றுதான் பலர் நினைப்பார்கள். போதாது. தூரத்துச் சத்தம் என்பது குறைந்த சத்தம் மட்டுமல்ல. வேலியும் சுவரும் மண்ணும் அதன் கூர்மையைத் தின்றுவிட்டே நம்மிடம் அனுப்புகின்றன. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் போகும். விநாடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் ஏறக்குறைய 14 மீற்றருக்கு ஒரு பிரேம் பிந்தும். பார்வையாளர் எவரும் இதை எண்ணப்போவதில்லை. ஆனால் தூரம் பொய்யானால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

படம் எடுத்தது வாடைக்காற்றுக் காலம். வடமராட்சியில் அந்த நாட்களில், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் ‘விண்’ என்ற நாணைப் பூட்டிய பட்டங்கள் வானத்தில் நின்று இரவிரவாகக் கூவும். படப்பிடிப்புக்கு இது பெரிய தொல்லை. ஒரு ஷொட்டில் கூவும், அடுத்த ஷொட்டில் காற்று விழுந்து அடங்கும். இரண்டையும் ஒட்டினால் வெட்டு அப்பட்டமாகக் கேட்கும். இவர்கள் அந்தச் சத்தத்தைத் துடைத்தெறிய முயலவில்லை. ஒரு இரவு விண்ணின் கூவலை மட்டும் நீளமாகப் பதிந்து, இரவுக் காட்சிகள் எல்லாவற்றுக்கும் அடியில் சுருதி போல ஓட விட்டார்கள். அண்ணன் வீட்டுக் காட்சியிலும் அதே கூவல், தம்பி வீட்டுக் காட்சியிலும் அதே கூவல். இரண்டு வீட்டுக்கும் வானம் ஒன்றுதான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘இரவுச் சத்தம்’ ஒன்றை எடுத்துப் போட்டிருந்தால், எங்கோ ஒரு நாட்டுப் பூச்சிகள் கரவெட்டியில் கத்தியிருக்கும்.

இந்த மண்ணின் காது புதிதாகப் பழகியதல்ல. கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியும். இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ வானொலி நாடகத்தில் நடித்தவரும் அவர்தான். முகமோ உடுப்போ இல்லை. யாழ்ப்பாணப் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் சுற்றுச் சத்தத்தையும் மட்டும் வைத்து ஒரு வீட்டையே கட்டியது அந்தக் கலை. பேராதனையில் சு. வித்தியானந்தன் கூத்தை மீட்டெடுத்த முயற்சியிலும் சிவத்தம்பி கூட நின்றார். குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் கொரியப் படங்களைப் பார்க்கட்டும், நல்லதுதான். அதோடு பழைய வானொலி நாடகம் ஒன்றையும் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கட்டும்.

ஒலியைப் போலவே தொகுப்புக்கும் நம்மிடம் ஒரு முன்னோடி உண்டு. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த இயக்குநர் பாலு மகேந்திரா, பள்ளிக்காலத்தில் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ எடுப்பதைப் பார்த்தே சினிமா ஆசை கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். லீன் நெறியாளராகுமுன் படத்தொகுப்பாளராக இருந்தவர். பாலு மகேந்திரா பூனே திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு படித்தார். ஆனால் தன் படங்களைத் தொகுக்கும் வேலையைத் தானே வைத்துக்கொண்டார். வெட்டும் கை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு ஒளிப்பதிவாளர் நினைத்ததில் நிறையப் பொருள் இருக்கிறது.

படத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். ஒருநாள் கரண்ட் போகிறது. இதையும் ஒலியாலேயே சொல்கிறார்கள்: அண்ணன் வீட்டு மின்விசிறி மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். பிறகு கிணற்றடியில் கப்பி கிறீச்சிடுகிறது. அண்ணன் நிமிர்கிறார். இவ்வளவு நேரமும் நாம் கேட்ட கப்பிச் சத்தம் நீளமானது, ஆறுதலானது, ஒரு இழுவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிழவர் மூச்சு வாங்கும் இடைவெளி உள்ளது. இப்போது வருவது படபடவென்ற இழுவை, பழக்கமில்லாத கை. தம்பி அள்ளுகிறான் என்பது நமக்கும் விளங்குகிறது. காட்சி கிணற்றடிக்கு மாறவே இல்லை. அண்ணனின் முகத்திலேயே நிற்கிறது. வேறு யாராவது தொகுத்திருந்தால் தம்பியைக் காட்டியிருப்பார்கள். காட்டாமல் விட்டதுதான் இந்தப் படத்தின் மிகத் துணிச்சலான வெட்டு. அண்ணன் எழும்பி வாசலுக்குப் போய் அந்த ஒரே வரியைச் சொல்கிறார்: “அந்த வாளி ஓட்டை. மற்றதை எடு.”

நான் பார்த்த முதல் தொகுப்பில் இந்த இடம் முழுவதும் வயலின் ஓடியது. அது வேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் ‘பதேர் பாஞ்சாலி’யைக் காட்டி வாதாடினார்கள். மகள் இறந்த செய்தி தெரியாமல் தகப்பன் சேலையோடு திரும்பி வர, தாய் கதறும் குரலை எடுத்துவிட்டு, சத்யஜித் ராய் அங்கே தார்ஷெனாய் வாத்தியத்தை வைத்தாரே என்றார்கள். நல்ல கேள்வி. 1955இல் ராய் செய்தது இடமாற்றம்: குரலை வெளியே எடுத்து, அதன் இடத்தில் இசையை இருத்தினார். ஒன்று போய்த்தான் ஒன்று வந்தது. இங்கே கப்பியும் இருக்கிறது, வயலினும் இருக்கிறது. கப்பி முந்தியே சொல்லிவிட்டதை வயலின் திரும்பச் சொல்கிறது. போதாக்குறைக்கு அந்த இழுவையின் வேக மாற்றத்தை, படத்தின் உயிர்நாடியை, அது மூடிவிடுகிறது. இருந்து பேசினோம். இசையை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். அதன்பின் வயலினை அவர்களே அழித்தார்கள்.

இனி இதைத் திரையிடப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா 2015இல் தொடங்கிய பிறகு, குறும்படங்களை மண்டபத்தில் இருந்து பார்க்கும் பழக்கம் இங்கே வளர்ந்திருக்கிறது. ஊர்களிலும் சின்னத் திரையிடல்கள் நடக்கின்றன. புரொஜெக்டருக்குத் தேடி அலைகிற அளவுக்கு ஒலிபெருக்கிக்கு யாரும் அலைவதில்லை. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் விண்ணின் அடிக்கூவல் கேட்கவே கேட்காது. திருவிழாவுக்குக் கட்டும் பெட்டிகளில் போட்டால் முருங்கையிலை உருவும் சத்தமே இடி மாதிரி விழும். அளவான இரண்டு ஸ்பீக்கர்களைத் திரையின் இரு பக்கமும் வைத்து, மண்டபத்து மின்விசிறிகளை அந்த ஏழு நிமிடமும் நிறுத்திவிட்டுப் போடுங்கள்.