போர் மூலோபாயமும் ஆளுமை வகைமையும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பெரும் படைத்தலைவர்கள் எவ்வாறு உருவாகின்றனர் என்ற வினா மிகப் பழையது. அதற்கு இன்று பரவலாக வழங்கப்படும் விடை, அவர்கள் ஒரு குறிப்பிட்ட ஆளுமை வகையைச் சேர்ந்தவர்கள் என்பதாகும். உளவியல் வகைகள் பற்றிய தமது நூலைக் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட பின்னர், அகமுக நோக்கினர், புறமுக நோக்கினர் என்ற பாகுபாடு கல்வியுலகைக் கடந்து பொதுவழக்கிற் கலந்தது. அதனை அடியொற்றி அமெரிக்காவில் இசபெல் மயர்சும் அவர்தம் தாயாரும் வகுத்த பதினாறு ஆளுமை வகைகள், வேலைக்கு ஆள் தெரிவதிலிருந்து நட்புக்குத் துணை தெரிவது வரை எடுத்தாளப்படுகின்றன. வரலாற்றில் வாழ்ந்த தளபதிகளையும் இப்பதினாறு பெட்டிகளுள் ஒன்றில் இட்டு அடைத்து, ‘மேதைமையின் இரகசியம் இதுவே’ எனக் காட்டும் எழுத்துக்கள் மலிந்துள்ளன.

இப்போக்கினை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் இயலாது. போரைத் தளபதியின் மனவியல்பாகச் சுருக்கும் பார்வை, போரின் காரணங்களையும் அதன் விலையையும் மறைத்துவிடும் வல்லமை உடையது. இந்நாட்டில் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரைப் பற்றிய எழுத்துக்களுட் கணிசமானவை, எத்தரப்பினின்று எழுந்தவையாயினும், தளபதிகளின் குணசித்திரங்களாகவே அமைந்துள்ளமையை நாம் காண்கிறோம். எனவே இக்கோட்பாட்டை ஒரு குறிப்பிட்ட களத்தில் வைத்துச் சோதித்தல் பயனுடையது. அதற்கு ஏற்ற களமாகத் திருகோணமலைத் துறைமுகத்தைக் கொள்கிறோம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில், 1782இலும் 1942இலும், வேறுபட்ட மனவியல்பினரான கடற்படைத் தலைவர்கள் இத்துறைமுகத்தைக் குறித்துத் திட்டமிட்டுச் செயற்பட்டுள்ளனர்.

வகைமைக் கோட்பாடு

இக்கோட்பாட்டின் வலுவான வடிவத்தை முதலில் எடுத்துக்கொள்வதே நேர்மையான திறனாய்வாகும். அவ்வடிவம் யுங்குக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட கிளவுசவிற்சிடம் காணப்படுகிறது. அவர் இறந்தபின் 1832 முதல் வெளிவந்த போர் பற்றிய நூலில், இராணுவ மேதைமை குறித்த அதிகாரத்தில், மனிதரை நால்வகைப்படுத்துகிறார். எளிதில் அசையாத மந்தர். உணர்ச்சியுடையராயினும் என்றும் நிதானம் இழவாதார். வெடிமருந்துபோற் சட்டெனப் பற்றி விரைவில் அவிந்துவிடுவோர். சிறியனவற்றால் அசையாது, மெல்லக் கனன்று, கனன்றபின் நீடித்து நிற்பார். போரின் பாரிய சுமைகளைத் தாங்க வல்லவர் நான்காம் வகையினரே என்பது அவர் முடிபு.

ஆயின் கிளவுசவிற்சு இவ்வியல்பைத் தனித்து நிறுத்தவில்லை. போர்க்களம் நிச்சயமின்மையின் களம் என்றும், ஒவ்வொரு சிறு செயலையும் உராய்வு தடுக்கிறது என்றும் அவர் வற்புறுத்தினார். மேதைமை என்பது அறிவும் மனவியல்பும் ஒத்திசைந்த நிலையே அன்றித் தனியொரு குணமன்று என்பதும் அவர் கருத்து. பிற்காலத்தவர் அவருடைய பட்டியலை எடுத்துக்கொண்டு அந்த ஒத்திசைவைக் கைவிட்டனர்.

1976இல் நோர்மன் டிக்சன் இராணுவத் திறமையின்மையின் உளவியல் பற்றி எழுதிய நூல் இவ்வினாவை மறுதலையாக்கிற்று. தோற்ற தளபதிகளின் தவறுகளுக்கு அறிவுக்குறைவைவிட, அதிகாரமனப்பான்மையும் உள்ளத்து அச்சமுமே பெருங் காரணம் என அவர் வாதிட்டார். அவருடைய வாதத்தில் நமக்குப் பயன்படுவது மற்றொன்று. இராணுவ நிறுவனமே அத்தகைய மனவியல்பினரை ஈர்த்து உயர்த்துகிறது என்றார் அவர். அதாவது, ஆளுமை பற்றிய ஆய்வு தன் போக்கிலேயே நிறுவனம் பற்றிய ஆய்வாக மாறிவிடுகிறது.

1782: இரு தளபதிகள், ஒரு துறைமுகம்

பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை, புதுச்சேரி, நாகபட்டினம் ஆகிய எவ்விடத்தும் பெருங்கப்பல்கள் பாதுகாப்பாக ஒதுங்கத்தக்க துறைமுகம் இருக்கவில்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டே அவை நின்றன. ஒக்ரோபரில் வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்க, கப்பல்கள் கோரமண்டலக் கரையை விட்டு நீங்க வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் பழுதுபார்க்கப் பம்பாய்க்குச் சென்றனர். பிரெஞ்சுக்காரருக்கோ இந்துமாக்கடலின் மறுபுறத்திலிருந்த மொரிசியசே புகலிடம். இந்நிலையில், எக்காலத்தும் கப்பல்கள் தங்கக்கூடிய ஆழமும் மலையரணும் உடைய திருகோணமலையின் உட்துறைமுகம் பெற்ற மதிப்பு எளிதில் விளங்கும்.

ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தை 1782 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூஸ் கைப்பற்றினார். ஜனவரி 11ஆம் நாள் ஒஸ்ரன்பேக் கோட்டை வீழ்ந்தது. அடுத்த மாதமே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் கோரமண்டலக் கரையை அடைந்தார். பெப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்திற்கு அப்பாலும், ஏப்ரில் 12இல் இலங்கையின் கீழ்க்கரைக்கு அப்பாலும், ஜூலை 6இல் நாகபட்டினத்திற்கு அப்பாலும் இருவரும் பொருதினர்.

இவ்விருவரும் வகைமையாளருக்குக் கிடைத்த நற்பேறு போன்றோர். சுஃப்ரென் பருத்த உடலினர், உடையிற் கவனமற்றவர், கடுஞ்சொல்லர், பொறுமை அறியாதவர். மொரிசியசுக்குத் திரும்புமாறு வந்த பணிப்பையும் பொருட்படுத்தாது இக்கடலிலேயே நின்றார். ஹியூஸ் முறைப்படி அணிவகுத்துப் பொருதும் நிதானி. ‘கனல்’ என ஒருவரையும் ‘குளிர்’ என மற்றவரையும் குறித்துவிடலாம். நிகழ்ச்சிகளோ அக்குறிப்புக்கு அடங்குவனவாயில்லை.

நாகபட்டினப் போரின் பின் ஹியூஸ் தம் கப்பல்களைச் செப்பனிடச் சென்னை சென்றார். சுஃப்ரென் கடலூரில் விரைந்து செப்பனிட்டு, மட்டக்களப்பை அடைந்து, வந்துசேர்ந்த துணைக் கப்பல்களுடன் ஓகஸ்ட் 25ஆம் நாள் திருகோணமலைக்கு முன் தோன்றினார். மறுநாட் படைகள் கரையிறங்கின; மாத இறுதிக்குள் கோட்டைகள் பணிந்தன. செப்ரெம்பர் 2ஆம் நாள் ஹியூஸ் வந்தபோது பிரெஞ்சுக் கொடியே அங்குப் பறந்தது. பொறுமையின்மை ஒரு துறைமுகத்தை வென்றது. நிதானம் அதனை இழந்தது.

மறுநாள், செப்ரெம்பர் 3ஆம் நாள், அதே சுஃப்ரென் அதே பொறுமையின்மையுடன் பதினான்கு கப்பல்களை ஹியூசின் பன்னிரண்டின் மேற் செலுத்தினார். அணி ஒழுங்குறவில்லை. அவருடைய கொடிக்கப்பலும் துணைநின்ற மிகச் சிலவுமே எதிரியின் நடுவணிக்கு முகங்கொடுத்தன. பல கப்பல்கள் அண்மையிற் சேரவில்லை. கொடிக்கப்பலின் பெரிய பாய்மரம் சரிந்தது. துறைமுகத்துக்கு மீளும்வேளை ‘ஒரியன்’ என்னும் பெருங்கப்பல் பாறையில் மோதி அழிந்தது. எண்ணிக்கையிற் குறைந்த ஹியூஸ், தம் அணியைக் குலையாது காத்துச் சென்னைக்கு மீண்டார். சில நாள் இடைவெளியில், ஒரே குடாவில், ஒரே குணம் ஒருமுறை மேதைமையாகவும் மறுமுறை பிழையாகவும் பயன்தந்தது. குணத்தை மட்டும் அறிந்தவர் இவ்விரு விளைவுகளில் எதனையும் முன்னுணர்ந்திருக்க முடியாது.

அவ்வாறாயின் வேறுபாடு எதனிடத்தது? துறைமுகத்தைக் கைப்பற்றுகையில் சுஃப்ரெனின் விரைவுக்குக் காலமும் இடமும் துணைநின்றன. எதிரி தொலைவில் இருந்தார். கடற்போரிலோ அவ்விரைவு பிறருடைய உள்ளங்களினூடே செயற்பட வேண்டியிருந்தது. அங்கே அது தடைப்பட்டது. அவருடைய கப்பற்றலைவர்களுட் பெரும்பாலோர் உயர்குடிப் பிறப்பாலும் பணிமூப்பாலும் பதவி பெற்றோர். தம் கருத்தை அவர்களுக்கு முன்கூட்டி விளக்கி, அவர்களைத் தம் சிந்தனைக்குப் பங்காளிகளாக்கும் வழக்கம் சுஃப்ரெனிடம் இருக்கவில்லை. போரின் பின் சில தலைவர்கள் பணியினின்று விலகினர். 1805இல் திரபல்காரில் நெல்சன் தம் திட்டத்தைக் கப்பற்றலைவர்களுடன் முன்னரே பகிர்ந்துகொண்டமையை இதனோடு ஒப்பிடின், மூலோபாயம் தனியொருவர் தலைக்குள் இருக்கும் பொருளன்று என்பது தெளிவாகும். அது மனிதரிடையே நிலவும் ஓர் உறவுமாகும்.

1890இல் வெளியான தமது புகழ்பெற்ற நூலிற் கடல்வலிமையின் வரலாற்றை ஆராய்ந்த மகான், சுஃப்ரெனை வியந்து போற்றினார். கடற்படைக்குத் தளம் இன்றியமையாதது என்பதை உணர்ந்தமை அவர் கண்ட சிறப்பு. அக்கணிப்பு நியாயமானதே. ஆயினும் போற்றுதலின் ஒளியில் மங்கிப்போகும் செய்திகள் சிலவற்றை நாம் நினைவுகொள்ள வேண்டும். சிறைப்பட்ட ஆங்கிலேயரைப் பேண வழியில்லை எனக் கூறி ஹைதர் அலியிடம் ஒப்படைத்தவரும் இதே சுஃப்ரென்தான். 1783 ஜூன் 20இல், கரையில் நின்ற பிரெஞ்சுப் படையினின்று சிப்பாய்கள் உட்பட ஏறத்தாழ 1,200 பேரைக் கப்பலேற்றி, கடலூருக்கு அப்பால் தம்மினும் மிகுதியான ஆங்கிலக் கப்பல்களை அவர் எதிர்த்து நின்றார். ஊட்டக்குறை நோயாலும் நீர்த்தட்டாலும் வாடிய மாலுமிகளுடன் ஹியூஸ் பின்வாங்கினார். அது சுஃப்ரெனின் சிறந்த வெற்றி என்பர். அப்போர் நிகழ்வதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, ஜனவரி 20இல், ஐரோப்பாவில் பூர்வாங்க உடன்படிக்கை கைச்சாத்தாகியிருந்தது. செய்தி வந்துசேரவில்லை, மனிதர் மடிந்தனர். திருகோணமலையோ சமாதானத்தின்படி ஒல்லாந்தருக்கே மீண்டது. 1795இல் மீளவும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

1942: பின்வாங்கலின் நியாயம்

அடுத்த சான்று இரண்டாம் உலகப் போரினின்று வருவது. அப்போது பிரித்தானியக் கீழைக் கடற்படைக்கு ஜேம்ஸ் சொமர்வில் தலைவர். பேர்ள் துறைமுகத்தை 1941 டிசெம்பரில் தாக்கிய நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்துமாக்கடலுட் புகுந்தார். ஏப்ரில் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் தாக்குண்டன. இரு பெருங் குறூசர்கள் மூழ்கின. துறைமுகத்தை விட்டு முன்னிரவில் வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கி, விமானக் காப்பின்றி மட்டக்களப்புக்கு அப்பால் அழிந்தது. இவ்விழப்புக்கள் சொமர்வில்லின் பொறுப்பினின்று நீங்குவன அல்ல.

எனினும் கடற்படையின் பெரும்பகுதி தப்பிற்று. மாலைத்தீவின் தென்கோடியிலிருந்த அட்டுப் பவளத்தீவில் இரகசியத் தளம் ஒன்று அமைந்திருந்தமையும், அதனை நகுமோ அறியாதிருந்தமையும் அதற்குக் காரணங்கள். சொமர்வில்லை ‘எச்சரிக்கையாளர்’ எனக் கூறி அமைவதும் போதாது. பகலில் நகுமோவின் விமானங்களுக்கு எட்டாது விலகிய அவரே, இரவில் ராடர் பொருத்திய தம் விமானங்களாற் தாக்க இடம் தேடினார். எதில் தாம் குறைந்தவர், எதில் மிகுந்தவர் என்று அறிந்திருந்தார்.

நகுமோவின் கதை இன்னும் தெளிவானது. ஏப்ரிலில் வென்ற அதே மனிதர், அதே மனவியல்புடன், ஜூன் 4இல் மிட்வேயில் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தார். இரு மாதங்களில் அவருடைய ஆளுமை வகை மாறிவிடவில்லை. இம்முறை அமெரிக்கர் அவருடைய சங்கேதங்களைப் படித்துக் காத்திருந்தனர். யார் எதனை அறிந்திருந்தார் என்பதே மாறியது.

நம் மரபின் இரு குரல்கள்

இவ்வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வு சான்றோர் செய்யுள்களை வீரயுகப் பாடல்களாக இனங்கண்டது. அப்பாடல்களின் மையத்தில் நிற்பது வீரனின் தறுகண்மை; புகழுக்காக உயிர்தரும் உள்ளம். கொடைபெறும் பாணரும் புலவரும் கொடைதரும் தலைவனைப் பாடிய சமூக உறவில் அவ்வாறமைந்தமை இயல்பே.

திருக்குறளின் பொருட்பால் வேறொரு காலத்தின் குரல். ஊக்கமும் இடுக்கண் அழியாமையும் அங்கும் உண்டு. படைச்செருக்குக்கும் ஓர் அதிகாரம் உண்டு. ஆனால் செயலில் இறங்குவோனுக்குக் கூறும் இடத்தில், தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைக்கிறார். நீ எவ்வகை மனிதன் என்பது அங்கு வினாவன்று. நீ எதனை அறிந்துள்ளாய் என்பதே வினா. அரசு நிலைபெற்று, போர் கணக்கிடப்படும் காரியமாகிவிட்ட சமூகத்தின் சிந்தனை அது. திருகோணமலையின் இரு சான்றுகளும் இவ்விரண்டாம் குரலையே மெய்ப்பிக்கின்றன.

தனிமனிதரின் பங்கை நாம் மறுக்கவில்லை. 1898இல் பிளெக்கானோவ் வரலாற்றில் தனிமனிதரின் பாத்திரம் பற்றி எழுதியபோது, அவர்தம் இயல்புகள் நிகழ்ச்சிகளின் தனித்தோற்றத்தை மாற்றக்கூடும் என ஒப்புக்கொண்டார். அவ்வியல்புகளுக்கு இடமளிப்பதும் மறுப்பதும் சமூக உறவுகளே என்றார். சுஃப்ரென் இல்லாதிருப்பின் 1782 ஓகஸ்டில் திருகோணமலை பிரெஞ்சுக்காரர் வசமாகாதிருந்திருக்கலாம். பருவக்காற்றும் ஆழ்துறையும் பேரரசுகளின் வணிகப் போட்டியும் இல்லாதிருப்பின் சுஃப்ரெனுக்கு இங்கு வேலையே இருந்திராது.

பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்துறைமுகத்தை விட்டு நீங்கிற்று. சீனக்குடாவிலே தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கிகள் அதன் எச்சமாக நிற்கின்றன. எந்தத் தளபதியின் திட்டமும் இத்தகைய தாங்கிகளையும், அவற்றைக் கட்டிய கைகளையும், கப்பலின் அடித்தட்டில் நோயுற்றுக் கிடந்த மாலுமியையும் நம்பியே நின்றது. ஆகவே ஒரு தளபதியைப் பெரியவர் என்று யாரேனும் நமக்குக் கூறும்போது, அவர் எந்த வகையினர் என்று கேட்பதை விடுத்து மூன்று வினாக்களை எழுப்புவோம்: அவர் எதனை அறிந்திருந்தார்? அதனை யாருடன் பகிர்ந்தார்? அதன் விலையை யார் செலுத்தினர்? மூன்றாம் வினாவை எழுப்பாத போர் வரலாறு, எத்துணை நுட்பமான உளவியலைக் கைக்கொண்டாலும், புகழ்ப்பாட்டின் எல்லையைத் தாண்டுவதில்லை.