கெடா வெயிலுக்கு ஒரு வெள்ளைத் தட்டு

வெளிப்புறத்தில் ஆளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் லென்ஸுக்குக் காசு சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ரிஃப்ளெக்டர், அதாவது வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும் தட்டு, வாங்குங்கள். அடித்துச் சொல்கிறேன், நம் கெடாவுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது!

காரணம் நம் வெயில். சுங்கை பட்டாணி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறு பாகைக்குள்தான் இருக்கிறது. ஏப்ரல், செப்டம்பர் தொடக்கத்தில் சூரியன் நட்டநடு உச்சிக்கே வந்துவிடும். அதுவும் பன்னிரண்டு மணிக்கு அல்ல. 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதிலிருந்து இங்கே உச்சிவெயில் ஒன்றேகால் வாக்கில்தான். கல்யாண விருந்து முடிந்து, "வாங்க, வெளியே நின்னு ஒரு படம்" என்று கூப்பிடுவதும் சரியாக அப்போதுதான். கண்குழி கறுத்து, மூக்கடியில் மீசைபோல நிழல் விழும்.

தோட்டத்துக்குள் போனால் வேறு சங்கடம். பால்மரத்து இலை வழியே இறங்கும் வெளிச்சம் முகத்தில் பச்சை பூசிவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்ந்தால் வெயில் திட்டுத்திட்டாக விழும். இத்தனைக்கும் அந்த ஒரு தட்டே மருந்து.

பீடோங் பக்கத்தில், காலமெல்லாம் பால்மரம் சீவிய ஒரு பாட்டியைப் படமெடுத்தேன். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். "கருத்த மொகம், படத்துல தெரியவா போவுது தம்பி?" என்றார். பேரன் வெள்ளைத் தட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து லேசாகச் சாய்த்தான். அடடா! இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு வெண்பொட்டு. மூக்குத்திக் கல் பளிச்சென்றது. கன்னத்துச் சுருக்கம் அத்தனையும் தெரிந்தது, ஒன்றுகூட உறுத்தவில்லை. கருமை கருமையாகவே மினுமினுத்தது. பின்னால் நரைமுடியின் ஓரமெல்லாம் வெயில். எந்த ஃபிளாஷும் இந்த அழகைத் தராது!

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1956இல் வந்த 'அபராஜிதோ' படத்துக்காக அரங்கின் மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தாரே, அதே வித்தைதான் இது.

ஐந்து முகத் தட்டில் வெள்ளைதான் என் செல்லம். வெள்ளி வெளிச்சத்தை அள்ளி வீசும். அடர்ந்த நிழலுக்கு அது சரி, கிட்டே பிடித்தால் கண் கூசும். தங்கம் நம் நிறத்தை ஆரஞ்சாக்கிவிடும். அந்திக்கு மட்டும் எடுங்கள். உச்சிவெயிலில் அதே தட்டின் ஒளி ஊடுருவும் துணியைத் தலைக்கு மேல் பிடித்தால் கடும் வெயிலும் மிருதுவாகிவிடும். தட்டைக் கீழே தரையோடு வைக்காதீர்கள், முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிடும். பச்சைச் சாயம் போக, தட்டு இலை நிழலுக்கு வெளியே நேர்வெயிலைப் பிடிக்கவேண்டும்.

வாங்க வசதியில்லையா? வெள்ளை பொலிஸ்டிரீன் பலகை போதும்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிக்கொண்டே வருகின்றன. அங்கே உழைத்த முகங்களை வெளிச்சத்தில் எடுத்துவைப்பது நம் கடமை. வெள்ளைப் பலகை ஒன்று, பிடிக்க ஒரு பிள்ளை, அவ்வளவுதான் தேவை. இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் பாட்டியிடமிருந்து தொடங்குங்கள்.