கரையொதுங்கும் திமிங்கிலங்கள்: இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு கூட்டுப்பணி

திமிங்கிலம், ஓங்கில், கடற்பசு ஆகிய கடல் பாலூட்டிகளைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பங்கு, கரையில் ஒதுங்கிய உடல்களிலிருந்து கிடைத்தது. கடலில் அவை மூச்சுவிட மேலே வரும் சில நொடிகள்தான் கண்ணுக்குப் படும். வயது, இரை, நோய், வயிற்றில் சேர்ந்த பிளாஸ்டிக் எல்லாம் உடலை அறுத்துப் பார்த்தால்தான் தெரியவரும். வெப்பக் கடற்கரையில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஓரிரு நாள். அதற்குள் மீனவர், மருத்துவர், ஆய்வாளர், அரசு அலுவலர் அனைவரும் ஓரிடத்தில் கூடியாக வேண்டும். மன்னார் வளைகுடாவையும் பாக்கு நீரிணையையும் பகிர்ந்துகொள்ளும் இந்தியாவும் இலங்கையும் இந்தக் கூட்டுப்பணியை வெவ்வேறு விதமாக அமைத்துக்கொண்டுள்ளன.

சட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இவ்விலங்குகளைக் காக்கின்றன. இறந்த பிறகும் அந்தக் காப்பு நீங்காது. அனுமதியின்றி ஒரு துண்டுத் தசையைக்கூட ஆய்வாளர் எடுத்துச் செல்ல முடியாது. யார் அனுமதி தருகிறார், யார் வந்து நிற்கிறார் என்பதில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன. இந்தியாவில் பொறுப்பு மாநில வனத்துறையுடையது. ஆய்வு மத்திய நிறுவனங்களுடையது. பெரும்பாலும் ஆடுமாடுகளுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரே அழைக்கப்படுகிறார். இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் நாடு முழுவதற்கும் ஒன்று. சொந்த மிருக வைத்தியர்களும் அதற்கு உண்டு.

இந்தியாவின் வலிமை பதிவேடு. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடக்க காலத்தில் தமிழ்நாட்டின் கரையோர ஊரான மண்டபத்திலிருந்தே இயங்கியது. மீன்பிடித் துறைகளில் அன்றாடம் கணக்கெடுக்கும் அதன் பணியாளர்கள், ஒதுங்கிய ஓங்கிலையும் வலையில் சிக்கிய கடற்பசுவையும் அளந்து எழுதிவந்தனர். இந்தப் பழக்கத்தின் அருமை தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் விளங்கியது. 1973 ஜனவரியில் அங்கே 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியதை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருந்தனர். 2016 ஜனவரியில் அதே கரையை ஒட்டி 80க்கும் மேற்பட்டவை ஒதுங்கியபோது, இனமும் மாதமும் இடமும் ஒத்திருப்பதை உடனே சுட்டிக்காட்ட முடிந்தது அந்தப் பழைய ஏட்டினால்தான்.

ஆனால் ஏடு விலங்கைக் காப்பாற்றாது. 2016இல் மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டபோதும் பல திரும்பிவந்து மணலேறின. பாதிக்கு மேல் இறந்தன. பைலட் திமிங்கிலம் கூட்டத்தை விட்டு விலகாத விலங்கு. கரையில் ஒன்று கிடந்தால் மற்றவை அதை நாடி வரும். அதனால் ஆழம் வரை கொண்டு சேர்ப்பதும், இயன்றவரை கூட்டமாகவே விடுவதும் அவசியம். கரையில் கிடக்கும் நேரத்தில் சொந்த எடையே நுரையீரலை அழுத்தும். கொழுப்புத் தோல் உடற்சூட்டை வெளியே விடாது. தோலை ஈரமாக வைத்து, மூச்சுத் துளைக்குள் நீரும் மணலும் போகாமல் பார்க்க வேண்டும். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. இத்தகைய நடைமுறையை நாடு முழுவதற்கும் பொதுவாக்கும் வழிகாட்டு நெறிகளை இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021இல்தான் வெளியிட்டது. இத்தனை நீண்ட பதிவேடு கொண்ட நாட்டுக்கு அது மிகவும் தாமதம்.

இலங்கையின் வலிமை விரைந்து கூடும் கைகள். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பெருந்தொற்று ஊரடங்கு நடப்பில் இருந்தும் கடற்படையினர், கரையோரக் காவல் படையினர், ஊர்மக்கள் ஆகியோர் இரவெல்லாம் நீரில் நின்று உழைத்தனர். சிறு விசைப்படகுகளில் ஒவ்வொன்றாக ஆழத்துக்கு இழுத்துச் சென்றதால் மிகச் சிலவே இறந்தன. குறை வேறிடத்தில் தெரிந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் வேதிப்பொருள் ஏற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றிய பின் ஆமைகளும் ஓங்கில்களும் திமிங்கிலங்களும் இறந்து ஒதுங்கின. தென்மேற்குப் பருவக்காற்று வழக்கமாகக் கொண்டுவரும் உடல்கள் எத்தனை, கப்பலின் நஞ்சால் மாண்டவை எத்தனை என்று பிரித்தறிய, முந்தைய ஆண்டுகளின் முறையான கணக்கு தேவை. மருத்துவ அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கணக்கின் இடத்தை நிரப்பாது.

ஆராய்ச்சியிலும் வழிகள் வேறு. இலங்கையில் ஆய்வு பெரும்பாலும் தனி அறிஞர்களாலும் வெளிநாட்டுக் கூட்டாளிகளாலும் வளர்ந்தது. 1963இல் இரத்மலானையில் ஒதுங்கிய அலகுத் திமிங்கிலம் ஒன்றை விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல புதிய இனமென்று விவரித்தார். பிறர் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டனர். பல நாட்டு மாதிரிகளின் மரபணுவை அதனோடு ஒப்பிட்ட ஆய்வு 2014இல் அவர் கூற்றை நிலைநாட்டியது. அந்த எலும்பு அரை நூற்றாண்டு பேணப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. 1982 முதல் 1984 வரை டூலிப் என்னும் பாய்க்கப்பல் நடத்திய ஆய்வு, திருகோணமலைக் கடலின் திமிங்கிலங்களை உலகறியச் செய்தது. பின்னாளில் ருகுணைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு அமைப்புகளும் மிரிஸ்ஸவில் திமிங்கிலம் காட்டும் படகுக்காரர்களும் சேர்ந்து தென்கடலில் நீலத் திமிங்கிலங்களைக் கணக்கெடுத்தனர். கப்பல் பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 விழுக்காடு குறையும் என்று 2016இல் அறிவித்தனர். எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே தெற்கே விலகிச் செல்லத் தொடங்கியது.

இந்தியாவில் அரசுக் கப்பலான சாகர் சம்பதாவிலிருந்து ஆழ்கடல் கணக்கெடுப்பு நடந்தது. அண்மைய ஆண்டுகளில் இப்பணியை முடுக்கியது அமெரிக்காவின் இறக்குமதி விதி: கடல் பாலூட்டிகளைக் காக்கும் ஏற்பாட்டைக் காட்டாத நாட்டின் கடலுணவுக்குச் சந்தை மறுக்கப்படலாம். கடலுணவு ஏற்றுமதியைக் காக்கும் பொருட்டு வந்த பணம்தான் என்றாலும், ஓங்கில்களின் தொகையை மதிப்பிட அது உதவுகிறது.

இரு வழிகளும் ஒன்றையொன்று தொட வேண்டிய இடம் கடற்பசு. இந்தியாவின் மீட்புத் திட்டத்தை 2016 முதல் டேராடூனின் இந்திய வனவிலங்கு நிறுவனம் நடத்துகிறது. வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவிக்கும் மீனவருக்கு வெகுமதி உண்டு. தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இலங்கை, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் எட்டு நாட்டுத் திட்டத்தில் சேர்ந்து மன்னார்ப் பகுதியில் வேலை செய்தது. அந்தத் திட்டத்தில் இந்தியா இல்லை. 1974, 1976 உடன்படிக்கைகள் வகுத்த எல்லைக்கோட்டைக் கடற்பசு அறியாது. கோட்டைக் கடக்கும் மீனவரோ கைதாகிறார். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வடஇலங்கைக் கடலடியை வாரிச்செல்வது நீங்காத பூசலாகிவிட்டதால், கடற்பசுவை நேரில் காணும் இரு கரை மீனவரும் செய்தி பரிமாறும் வாய்ப்பு குறைவு.

திசு மாதிரியை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அனுப்பப் பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கையின்படி அனுமதி வேண்டும். நிழற்படத்துக்கு அந்தத் தடை இல்லை. முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் வால் விளிம்பையும் கொண்டு திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் தனித்தனியே அடையாளம் காணும் முறை இரு நாட்டு ஆய்வாளருக்கும் பழக்கமானது. மணப்பாட்டுக் கரையில் எடுத்த படங்களையும் கற்பிட்டி, திருகோணமலைப் படங்களையும் ஒரே தொகுப்பில் வைத்து ஒப்பிடுவதற்கு, இரு பக்கத்து ஆய்வாளரின் இசைவு போதும்.